எங்க கணக்கா, ஒங்க கணக்கா?

யாராவது மேடையேறி 'மக்கள் பங்கேற்பு' என்று ஆரம்பித்தால் எனக்கு உடனே பிஸ்கட்தான் ஞாபகம் வருகிறது. தட்டில் வட்டமாக அடுக்கிய பிஸ்கட், அதற்குப் பின்னால் ஒரு பேனர், பேனருக்குக் கீழே பாயில் உட்கார்ந்த பெண்கள். போட்டோ எடுத்து முடிக்கும்வரை யாரும் பிஸ்கட்டைத் தொடக்கூடாது. அந்தப் போட்டோவை எடுத்தவள் நான்தான். அதனால் இதில் நான் யார்மீது கோபப்பட்டாலும் அதில் ஒரு பங்கு எனக்கே வந்து சேரும். சேரட்டும்.

எங்கள் ஊர் படவேட்டுக்குப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் ஜவ்வாது மலை முழுசாகத் தெரியும். தினமும் பார்த்த மலைதான், ஆனால் கல்லூரி முடிக்கும்வரை ஒருமுறைகூட ஏறியதில்லை. ஊட்டச்சத்துப் படிப்பு முடித்த கையோடு, மலைக் கிராமங்களில் தாய் சேய் நலம் பார்க்கும் ஒரு திட்டத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்திய திட்டம். எனக்கு ஒரு போன் கொடுத்தார்கள், போனுக்குள் ஒரு ஆப். ஸ்கூட்டி என்னுடையது. மலையை நான் வந்துதான் திருத்த வேண்டும் என்கிற வேகமும் என்னுடையதுதான்.

பயிற்சி வகுப்பில் முதல் நாளே திரையில் ஒரு வரி போட்டார்கள். மலையில் குறைமாதப் பிரசவம் அதிகம், காரணம் தாய்மார்களுக்கு உணவைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை. நான் அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அதற்கு மருந்தாகத்தான் எங்கள் திட்டமே. மாதம் தோறும் சத்துமாவுப் பாக்கெட். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து தங்கிக்கொள்ள, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியை ஒட்டி ஆறு கட்டில் போட்ட ஒரு அறை. யாருக்கு எப்போது கட்டில் என்பதை ஆப் முடிவு செய்யும். பிரசவத் தேதிக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது பெயர் பட்டியலில் தானாக ஏறும்.

பிரசவத் தேதியைக் கணக்குப் போட ஆப்புக்குக் கடைசியாக மாதவிடாய் வந்த நாள் வேண்டும். "அந்தத் தேதியெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார் பயிற்சி கொடுத்தவர். "எத்தனை மாசம்னு கேளுங்க. நம்பரைத் தட்டுங்க. மீதியை ஆப் பாத்துக்கும்."

கேட்டேன். தட்டினேன். வீடு வீடாகப் போய்த் தட்டியதில் எனக்கு 'செல்லுக்காரம்மா' என்று பெயர் வந்துவிட்டது.

நான் பார்த்த கிராமங்களில் ஒன்றில், ரோட்டிலிருந்து கடைசி வீட்டில், என் வயசே இருக்கும் ஒருத்தி இருந்தாள். புருஷன் திருப்பூரில் வேலை. முதல் பெண் குழந்தைக்கு இரண்டரை வயசு. அந்தக் குழந்தை பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டிலும் இல்லை. போளூருக்கு இறங்கும் ரோட்டில், ஒரு வளைவில் நின்ற ஜீப்பில் பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. ஜீப்பில் இருந்த புடவை எல்லாம் நனைந்தது. கீழே கொண்டுபோய் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அடுத்த பிரசவத்துக்கு முன்னாடியே வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அவள் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"எத்தனை மாசம்?" என்று நான் முதல்முறை கேட்டபோது, "அஞ்சு" என்றாள். தட்டினேன். பச்சை டிக் வந்தது. "யக்கா, அந்தக் கட்டிலு எனக்கு கெடைக்கும்ல?" என்றாள். "உங்களுக்கு இல்லாமலா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்!

மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. திட்டத்தின் கையேட்டை மலை மக்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றப் போகிறார்களாம். அதற்கு மக்களே வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. படிக்கும் காலத்தில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய விஷயம், இதோ நிஜமாகவே நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் சார் காரில் வந்து இறங்கினார். பேனர், பிஸ்கட், கையேடு எல்லாம் கொண்டுவந்திருந்தார். அது புளி உடைக்கிற சமயம். பெண்கள் ஆளுக்கொரு முறத்தில் புளியையும் கையில் ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டே தட்டி, கொட்டையை எடுத்து ஒரு பக்கம் தள்ளினார்கள்.

"புளியை கொஞ்சம் ஓரமா வைங்கம்மா, போட்டோல வந்துரும்" என்றார் சார்.

"வந்தா இன்னா சார்? கடிக்கவா போவுது?" என்றார் மாவு மில் வைத்திருக்கும் அக்கா. முப்பத்தைந்து வயசிருக்கும். வாய் அந்த மில்லைவிட வேகமாக ஓடும். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் புளியை நகர்த்தினார்கள், நான் போட்டோ எடுத்தேன், சார் வேறு ஊர்க் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, "படிச்சுக் காட்டுங்க, புரியுதான்னு கேளுங்க, கையெழுத்து வாங்கிடுங்க. அரைமணி நேரம் போதும்" என்றார்.

நான் படித்துக் காட்டினேன். ஆப்பிள், கேரட் படம் போட்ட பக்கத்துக்கு ஒருத்தி, "இது எந்த மரத்துல காய்க்குது?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கம் போனேன். அங்கே அந்தக் கேள்வி இருந்தது. 'நீங்கள் எத்தனை மாதக் கர்ப்பம்?'

மில் அக்கா கல்லைக் கீழே வைத்தார். "எங்க கணக்கா, ஒங்க கணக்கா?"

"என்னக்கா, ரெண்டு கணக்கா இருக்கு?"

"பின்ன? இன்னாம்மா செல்லுக்காரம்மா, நாங்க முழுவாத மாசத்துலருந்துதான எண்ணுவோம். அந்த நர்சம்மாவுங்க அதுக்கு முந்துன மாசத்தையும் சேத்து எண்றாங்க. அந்த மாசம்தான் தலைக்கு ஊத்திகினோமே, அப்போ வயித்துல இன்னா இருந்துது? காத்தா?"

புளி உடைக்கும் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழுந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முழுகாமல் இருக்கிறாள். எங்கள் அம்மா சொல்லும் சொல்தான். பக்கத்து வீட்டு அத்தை சொல்வதும் அதுதான். பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லை நான் ஒருநாள்கூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. மாதவிடாய் முடிந்து தலை முழுகுவது எந்த மாதம் நின்றுபோகிறதோ, அங்கிருந்து இவர்கள் ஒன்று என்று எண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரியோ கடைசியாக வந்த மாதவிடாயிலிருந்து எண்ணுகிறது. நடுவில் முழுசாக ஒரு மாதம் வித்தியாசம். இவர்கள் 'அஞ்சு' என்றால் ஆஸ்பத்திரிக்கு அது ஆறு. நான் ஒவ்வொரு வீட்டிலும் அஞ்சை அஞ்சாகவே தட்டியிருக்கிறேன்.

"அப்போ ஒன்பதாம் மாசம்னா?"

"எங்க கணக்குல ஒம்போது பொறந்துட்டா புள்ள வெளிய வந்துரும். எட்டு முடியறப்பவே பைய கட்டி வெச்சிருவோம்" என்றார் அக்கா. "ஒங்க ரூமுக்குப் போனா, 'எட்டு மாசத்துலயே இன்னா அவசரம், சோறு துன்ன வந்தியா'ன்னு கேக்குறாங்க. வூட்டுக்கே திரும்பி வந்துட்டு, அப்பால ரோட்ல பெத்துக்கறோம்."

குறைமாதப் பிரசவம் அதிகம் என்று திரையில் போட்டார்களே, அந்த எண்ணே என்னைப் போன்றவர்கள் தட்டித்தட்டி உண்டாக்கியதாக இருக்கலாம். பத்து மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளைக் குறைமாதம் என்று எழுதிவிட்டு, அதற்குக் காரணம் அம்மாக்கள் சாப்பிடத் தெரியாதவர்கள் என்றும் எழுதி, சாமையும் கேழ்வரகும் விளைகிற ஊருக்கு மாவுப் பாக்கெட் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தர் ஒரே ஒரு முறை இந்தப் பெண்களிடம், நீங்கள் எதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கடைசி வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு இப்போ எத்தனை?" என்றேன்.

"எட்டு முடியப் போவுதுக்கா."

போனைத் திறந்து பார்த்தேன். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் என்றது ஆப். அவள் வீட்டுக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் கவரை வாங்கிப் பிரித்தேன். போளூரில் எடுத்த ஸ்கேன் பேப்பர் அதில் இருந்தது. அதில் போட்டிருந்த தேதிக்கு மூன்றே வாரம். அந்தப் பேப்பரை நானே போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றியிருக்கிறேன். ஏற்றியதற்குப் பச்சை டிக் வந்தது, அதோடு மறந்துவிட்டேன், படிக்கவில்லை. படித்தவள் நான். படிக்கத் தெரியாது என்று நான் நினைத்த அவள் அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி, மூச்சு வாங்க, சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

"நல்ல அப்சர்வேஷன்மா. ரிப்போர்ட்ல ஒரு பாயிண்டா போடுங்க."

"சார், கேள்வியையே மாத்தணும் சார். 'எந்த மாசத்துலருந்து முழுகல'ன்னு கேட்டாப் போதும்."

"கையேடு போன வாரமே பிரிண்டுக்குப் போயிடுச்சேம்மா."

"போன வாரமா? கூட்டம் இன்னிக்குத்தான சார்?"

"கூட்டம் நடத்தணும்கிறது விதி. நடத்திட்டோம். நீங்க ரொம்ப எமோஷனலா எடுத்துக்காதீங்க."

"சரி சார், அந்த ஒரு பொண்ணோட தேதியை மட்டுமாவது மாத்துங்க. ஸ்கேன் பேப்பர் இருக்கு. முதல் பிரசவத்துல ரத்தம் ஏத்தின கேஸ்."

"ஆப்ல ஒருதடவை பதிவான தேதி லாக் ஆயிடும். மாத்தணும்னா மேல அப்ரூவல் வாங்கணும். மெயில் போடுங்க, பாக்கலாம்."

மெயில் போட்டேன். மூன்று நாளில் மூன்று மெயில். நாலாவது நாள், 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று ஒரு பதில் வந்தது, அதுவும் இயந்திரம் அனுப்பியது. பாறையிலிருந்து இறங்கும்போது செருப்பு வார் அறுந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். மில் வாசலில் நின்றிருந்த அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா, ஒங்க கம்பெனிக்காரங்க செருப்பையும் புடுங்கிகினாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மில்லை நிறுத்தினார். "எத்தினி கட்டிலு கீது அந்த ரூம்ல?"

"ஆறு."

"எத்தினி பேரு படுத்துகினு கீறாங்க?"

"ரெண்டு பேர்."

"அப்பால எவன கேக்கணும்?"

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். கடைசி வீட்டுக்காரி, அவள் மாமியார், மில் அக்கா, இன்னும் இரண்டு பெண்கள், நான். சின்னக் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள் அவள். வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்த வளைவு இந்த ரோட்டில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் போனில் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார். "பேரு இல்லியே. எட்டு மாசம்தான் காட்டுது. இப்பவே வந்து படுத்துகிட்டா, ஒன்பதாம் மாசக்காரி வந்தா நான் எங்க படுக்க வைக்கறது?"

"நாலு கட்டில் காலியாத்தானே இருக்கு, அதுல ஒன்னுல படுக்க வைங்க சிஸ்டர்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

சிஸ்டர் என்னை முறைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தார். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தவர் முகம் மாறியது. "தலை இறங்கிடுச்சேம்மா. இது எட்டு இல்ல." ஸ்கேன் பேப்பரை வாங்கிப் படித்தார். "எனக்குப் புரியுது. ஆனா பட்டியல்ல பேரு ஏறலன்னா சாப்பாடு அனுப்ப மாட்டாங்க. கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

"சோறு நாங்க கொண்டாறோம்" என்றார் மில் அக்கா. "கட்டில மட்டும் குடுங்க. யாருனா கேட்டா, மலைக்காரிங்க சொன்ன பேச்சு கேக்கலன்னு சொல்லுங்க. அதத்தான எப்பவும் எழுதுறீங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரக் கட்டிலைக் காட்டினார். தன் கையாலேயே ஒரு வெள்ளைத் தாளில் அவள் பெயரையும், முதல் பிரசவத்தில் ரத்தம் போனதையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். டாக்டரிடமும் போய்ச் சொன்னார்.

ஊரிலிருந்து முறை வைத்துச் சோறு வந்தது. ஒருநாள் சாமைச்சோறு, கொள்ளு ரசம். ஒருநாள் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும். பட்டியலில் பெயர் இருந்த மற்ற இரண்டு பெண்களும் தங்களுக்கு வந்த பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதில் பங்கு கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் வலி கண்டது. பகல் சாப்பாட்டுக்கு முன் பையன் பிறந்தான். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தான். இந்த முறையும் ரத்தம் நிற்காமல் போகப் பார்த்தது. ஆனால் ஊசி பக்கத்து மேஜையில் இருந்தது, டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். ரத்தம் நின்றுவிட்டது. சிஸ்டர் வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இது ஜீப்ல ஆயிருந்தா..." மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் போனில் பிரசவத்தைப் பதிவு செய்தேன். தேதியைப் போட்டதும் ஆப் தானே கழித்துப் பார்த்துச் சிவப்பில் காட்டியது: 'குறைமாதக் குழந்தை'. கண்ணெதிரே முழங்கால் மடிப்பில்கூடச் சதையோடு அவன் படுத்திருக்கிறான். எடையை அடித்தேன். அப்போதும் சிவப்புதான்.

ஒரு வாரம் கழித்து சார் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "வாழ்த்துகள்மா! குறைமாதத்துல பிறந்த குழந்தையைக் காப்பாத்தியிருக்கீங்க. இதை ஒரு வெற்றிக் கதையா எழுதித் தாங்க."

"சார், அவன் குறைமாசம் இல்ல."

"ஆப்ல அப்படித்தானே இருக்கு?"

நான் எழுதிக் கொடுத்தேன். புளி உடைத்த கூட்டத்திலிருந்து வெள்ளைத் தாள் வரை, மாதக் கணக்கு எப்படித் தப்பாயிற்று என்று நாலு பக்கம். திரும்பி வந்தது அரைப் பக்கம். அதில் விழிப்புணர்வு இருந்தது, சத்துமாவு இருந்தது, சரியான நேரத்தில் வழிகாட்டிய களப்பணியாளர் இருந்தார். முழுகாமல் என்ற சொல் இல்லை. மில் அக்கா இல்லை. நாலு காலிக் கட்டில் இல்லவே இல்லை.

போட்டோ எடுக்க ஒருவர் வந்தார். குழந்தையை ஒரு கையிலும் மாவுப் பாக்கெட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"இத நான் துன்னவே இல்லியே" என்றாள் அவள். "ஆட்டுக்கு வெச்சேன். அதுவும் மோந்து பாத்துட்டு போய்டுச்சு."

"சும்மா பிடிச்சுக்கங்கம்மா, போட்டோவுக்குத்தான்."

அவள் பிடிக்கவில்லை. பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "யக்கா, கொறமாசம்னு எழுதிட்டா, நான் ஒழுங்கா சோறு துன்னாம இவன பெத்தேன்னுதான அர்த்தம்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

தப்பு அவளுடையது இல்லை என்று சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்தில் இல்லையே என்பதுதான் அவள் கேள்வி.

வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்தேன். விடவில்லை. நான் போனால் இன்னொருத்தி போனோடு வருவாள், அவளும் அஞ்சை அஞ்சாகத் தட்டுவாள். அச்சடித்த கையேடு வழுவழுப்பாக வந்து சேர்ந்தது, அதே கேள்வியோடு. முதல் பக்கத்தில் 'மக்களுடன் இணைந்து உருவாக்கப்பட்டது' என்று போட்டு, நான் எடுத்த பிஸ்கட் போட்டோவையும் போட்டிருந்தார்கள். அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் முன் மில் வாசலில் உட்கார்ந்து, அந்தக் கேள்வியைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: 'எந்த அமாவாசைக்கு அப்புறம் முழுகலை?' அமாவாசையைச் சேர்க்கச் சொன்னது மில் அக்கா. தேதி கேட்டால் யாருக்கும் வராது, அமாவாசை கேட்டால் எல்லோருக்கும் வரும் என்றார். வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யோசிக்காமல் சொன்னார்கள். ஒரு மாதத்தைச் சேர்த்துத்தான் இப்போது நான் தட்டுகிறேன். இது விதிப்படி தவறு என்று சார் எழுதியிருக்கிறார். இருக்கட்டும்.

அந்தப் பையனைக் குறைமாதம் என்று காட்டும் பதிவை மட்டும் மாற்ற முடியவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கைநாட்டு வைத்து ஒரு மனு கொடுத்தார்கள். ஸ்கேன் பேப்பரின் நகலும் வைத்தோம். 'பெறப்பட்டது' என்று மறுபடியும் ஒரு பதில்.

போன வாரம் எடை போடப் போயிருந்தேன். குறைமாதக் குழந்தைகளை மாதம் இருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பையன் தவழ்ந்து வந்தான். தூக்கி மடியில் வைத்ததில் என் தொடை நொந்தது.

"கொறமாசமாம்!" என்றார் வாசலில் நின்ற மில் அக்கா. "ஏ செல்லு, இவன தூக்கிகினு போயி ஒங்க சாரு மடியில ஒருதடவ ஒக்கார வெய்யி."

போனைத் திறந்து அவன் பெயரைத் தேடினேன். இன்னும் சிவப்பில்தான் இருந்தது. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை, அவன் இன்னும் இழுத்தான். அவன் பலம்தான் ஜெயித்தது. போன் தரையில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அவன் அம்மா பதறி ஓடிவந்தாள். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.